தேசிக்காய் பொருத்தப்பட்ட வாகனம்

கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் ஜெயமலர் தன் கணவனுடைய காரில் முன்சீற்றில் இருந்ததே இல்லை. வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நவரத்தினம் நல்ல மனிசன். காலையில் எழும்பி மனைவிக்குத் தேத்தண்ணி போட்டு வைக்கிறவர். அவளுடைய பிறந்தநாளை மறக்காதவர். ஆனால் முன்சீற் அவருடைய கையில் இல்லை. அது அவருடைய அக்கா வசுந்தராவின் கையில் இருந்தது.

வசுந்தராவுக்குப் பின்சீற்றில் இருந்தால் தலை சுற்றும். பஸ்ஸில் சுற்றாது. ரயிலில் சுற்றாது. கொழும்புக்கு விமானத்தில் போனபோதும் சுற்றவில்லை. தம்பியின் காரில், அதுவும் பின்சீற்றில் மட்டும் சுற்றும். தம்பியை ஜேர்மனிக்கு எடுப்பித்ததும், முதல் வேலை பிடித்துக் கொடுத்ததும், ஜெயமலரைப் பார்த்துப் பேசி முடித்ததும் அவர்தான். ஆகவே இந்த நோயைப் பற்றி எந்த வைத்தியரிடமும் இதுவரை கேட்கப்படவில்லை.

வசுந்தரா குடியிருந்தது பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில், இவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் அவருக்கு எப்படித்தான் கேட்குமோ தெரியாது. கோயிலுக்கோ கடைக்கோ கலியாண வீட்டுக்கோ, எங்கே புறப்பட்டாலும் அவர் வாசலில் நிற்பார். ஜெயமலர் பின்னால் போய்விடுவாள், மடியில் பொங்கல் பானை, காலடியில் மாலைப் பெட்டி. கணவனின் பிடரியை ஜெயமலர் அறிந்த அளவுக்கு இந்த உலகத்தில் வேறெந்த மனைவியும் அறிந்திருக்கமாட்டாள். அது நரைத்து வந்த ஒழுங்கைக்கூட அவள் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் நவரத்தினம் கிற் கார் வாங்கினார். கிற் கார் என்பது துண்டு துண்டாகப் பெட்டியில் வரும் கார். இரும்புச் சட்டகம் ஒரு பெட்டி, பிளாஸ்ரிக் மாதிரி இருக்கும் மேலுடம்பு ஒரு பெட்டி, திருகாணிகள் பல பெட்டி. எஞ்சினைப் பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். மிச்சத்தை வாங்கினவர் வீட்டில் வைத்துத் தானே கட்டவேண்டும். நவரத்தினத்துக்கு லிஃப்ட் திருத்தும் வேலை. பகல் முழுவதும் மற்றவர்களை மேலும் கீழுமாக அனுப்புகிற மனிசனுக்குத் தானும் ஒருநாள் நேராகப் போகவேண்டும் என்ற ஆசை வந்ததில் பிழை சொல்ல முடியாது.

"எத்தினை சீற்?" என்று ஜெயமலர் கேட்டாள்.

"ரெண்டு."

"பின்னுக்கு?"

"பின்னுக்கு ஒண்டும் இல்லை. ரெண்டே ரெண்டு தான்."

ஜெயமலர் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "அப்ப நீங்களும் வசுந்தரா மச்சாளும் போங்கோ. நான் பஸ்ஸிலை வாறன்."

நவரத்தினம் கையில் இருந்த ஸ்பனரைக் கீழே வைத்தார். "விசர்க்கதை கதையாதை. அக்காவுக்கும் எனக்கும் எண்டால் பழைய காரே போதுமே. இது உனக்கும் எனக்கும். கட்டி முடிச்ச உடனை கடலுக்குப் போறம். நீயும் நானும் மட்டும்."

இருபது வயதில் கேட்டிருக்கவேண்டிய வசனம் அது. ஐம்பது வயதில் கேட்டபோதும் ஜெயமலருக்குக் காது சூடாகியது.

"மச்சாளிட்டை ஆர் சொல்லுறது?" என்று கேட்டாள்.

நவரத்தினம் பெட்டிகளின் பக்கம் திரும்பினார். ஸ்பனரை மறுபடி எடுத்துக்கொண்டார்.

கராஜ் சின்னது. ஆகவே கார் கட்டிய இரண்டு வருடமும் அதில் பாதி வீட்டுக்குள்தான் இருந்தது. புகைக்குழாய் குளியல் தொட்டியில் படுத்திருந்தது. ஸ்ரியறிங் சாமித்தட்டில் முருகனுக்குப் பின்னால் ஒளிவட்டம் மாதிரி நின்றது. நவரத்தினத்தின் கை நுழையாத இடுக்குகளில் ஜெயமலர் கை விட்டுத் திருகாணி முறுக்கினாள். பாலகர் பள்ளியில் வேலை செய்கிறவளுக்குச் சின்னச் சின்னச் சாமான்களைத் தேடிப் பிடிப்பது பழகிய வேலை. அந்தக் காரின் அடிவயிற்றில் மல்லாந்து படுத்துக்கொண்டு இருவரும் கதைத்த அளவுக்கு, கலியாணமான புதிதில்கூடக் கதைத்ததில்லை.

கடைசியாக வந்தவை இரண்டு இருக்கைகள். சிவப்புத் தோல். அவற்றை வரவேற்பறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நவரத்தினம் கைகழுவப் போனார். வந்து பார்த்தால் வலது பக்க இருக்கையில், ஜேர்மனியில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கை அதுதான், வசுந்தரா இருந்தார்.

"சோக்கான சீற்," என்றார் அவர், சாய்ந்து பார்த்துக்கொண்டு. "தம்பி, மேலை திறந்த கார் எண்டாய். தலைமயிர் பறக்கும் எண்டு பட்டுத் துணி ஒண்டும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கிட்டன். முதல் ஓட்டம் நானும் நீயும். மூத்த ஆக்களோடை தானே துடங்கவேணும். என்ன மலர்?"

"ஓம் மச்சாள்," என்றாள் ஜெயமலர். அவளுக்கு வேறு சொல் வராது. நவரத்தினம் குசினிக்குள் போய், தாகம் இல்லாமலே தண்ணீர் குடித்தார். பின்னால் வந்த ஜெயமலர், "சொல்லுங்கோவன்," என்றாள் மெல்ல. "நீ சொல்லன்," என்றார் அவர். இருவரும் இன்னொரு கிளாஸ் தண்ணீர் குடித்தார்கள்.

ஜேர்மனியில் ஒரு மனிதன் தன் கையால் கார் கட்டலாம். அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. கட்டியதை வீதியில் விடுவதற்குத்தான் தற்கட்டு வாகன ஒப்புதல் நடுவத்தின் சம்மதம் வேண்டும். அந்த நடுவத்தின் வாசலில் ஒரு வாசகம் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருந்தது: 'நாங்கள் தடுப்பதில்லை. நாங்கள் இன்னும் அனுமதிக்கவில்லை.' உள்ளே போவதற்கு ரெர்மின் எடுக்கவேண்டும். ரெர்மின் என்பது இந்த நாட்டு முகூர்த்தம். எங்கள் முகூர்த்தத்தை ஐயரோடு கதைத்து மாற்றலாம் என்பதுதான் வித்தியாசம்.

நவரத்தினத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிடைத்தது. அதே காலையில் முதலில் கோயிலில் பூசை நடக்கவேண்டும் என்றார் வசுந்தரா.

"சோதினை பாஸ் பண்ணின பிறகு செய்வம், அக்கா," என்றார் நவரத்தினம்.

"பூசை செய்யாமல் சோதினைக்குப் போறதோ? நீ ஓ-எல் சோதினை எழுதேக்கை அப்பிடிப் போய்த் தானே கணக்கிலை கவிழ்ந்தனி. மலர், தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்துக்கொண்டு வா."

ஜெயமலர் கோத்தாள். எலுமிச்சையைத் தேசிக்காய் என்பதும் வற்றல் மிளகாயைச் செத்தல் மிளகாய் என்பதும் அவர்கள் ஊர் வழக்கம். ஒரு தேசிக்காய், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு செத்தல் மிளகாய், கறுப்பு நூல். ஒரு கையால் பால் காய்ச்சிக்கொண்டு மறு கையால் செய்து முடித்தாள். ட்ரெயிலரில் ஏற்றிய கார் முருகன் கோயில் வாசலில் நின்றது. ஐயர் மந்திரம் சொல்லி, சந்தனம் குங்குமம் வைத்து, அவள் கோத்ததை முன்பக்கத்தில் கட்டினார். ட்ரெயிலர் சில்லுக்குக் கீழே வைத்த தேசிக்காய்கள் வண்டி நகர நசிந்தன. ஊர்ச்சனம் கைதட்டியது. ரெர்மினுக்கு நேரமாகிவிட்டதால் முன்பக்கத்துத் தேசிக்காயைக் கழற்ற யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நடுவத்தின் முற்றத்தில் ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டி உருட்டப்பட்ட காரை நடுவத் தலைவர் டொக்டர் வைஸன்பெர்கர் வெள்ளைக் கையுறையோடு சுற்றி வந்தார். வலம் வந்தார் என்றே சொல்லலாம். மூன்று தரம் வந்தார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார், திருகாணிகளைத் தட்டிக் கேட்டார், விளக்குகளைப் போட்டு அணைத்தார். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியில் காரின் மூக்குக்கு முன்னால் நின்றார். தலை ஆடவில்லை.

"இது என்ன?"

"ஐயோ, அது சும்மா," என்று நவரத்தினம் கையை நீட்டினார். "இப்ப கழட்டிறன்."

"தொடாதீர்கள்." ஜேர்மன் மொழியில் அவர் சொன்னது தமிழில் ஏறத்தாழ இப்படி வரும்: "மஞ்சள் கோட்டைத் தாண்டிய வாகனம், விண்ணப்பிக்கப்பட்ட நிலையில் இருக்கும் வாகனம். அதிலிருந்து ஒன்றைக் கழற்றுவது சாட்சியத்தைக் கலைப்பதாகும். இந்த உறுப்பின் செயற்பாடு என்ன?"

நவரத்தினம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் ஜேர்மன் நன்றாகப் பேசுகிறவள் ஜெயமலர். அவள் முன்னுக்கு வந்து உள்ளதைச் சொன்னாள். "கெட்ட பார்வை படாமல் பாதுகாக்கும்." இந்த ஆள் சிரிப்பார், தானும் சிரிக்கலாம், பிறகு கழற்றிவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "பாதுகாக்கும்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு எழுதினார். பாதுகாப்புக் கருவி, முன்புறம், மஞ்சள், கோள வடிவம், ஒன்று.

"இதை நீங்கள் நம்பத் தேவையில்லை," என்றாள் ஜெயமலர் அவசரமாக.

"அம்மணி, நம்பிக்கை என் பிரிவுக்கு உரியதல்ல. அது மூன்றாம் மாடி. நீங்கள் இதைப் பாதுகாப்புக் கருவி என்று அறிவித்துவிட்டீர்கள். அறிவிக்கப்பட்ட பாதுகாப்புக் கருவியை அகற்றினால் வாகனத்தின் பாதுகாப்புக் குறையும். பாதுகாப்புக் குறைந்த வாகனத்தை வீதியில் விட்டுவிட்டு இரவில் நான் எப்படித் தூங்குவது? ஆகவே கருவி இருக்கும். அது வேலை செய்கிறது என்பதை நிரூபிக்கவேண்டும்."

"இது இல்லாமல் வந்திருந்தால்?"

"இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போயிருப்பீர்கள்," என்றார் அவர் உண்மையான வருத்தத்தோடு. "பிரேக்குகள் மிகவும் நல்லவை."

செய்தி கேட்ட வசுந்தராவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியளே? வெள்ளைக்காரனே பாதுகாப்பு எண்டு எழுதிட்டான். நான் சொன்னால் நீங்கள் கேக்கமாட்டியள்." பட்டுத் துணியை மறுபடி மடித்து வைத்தார்.

இரண்டாவது ரெர்மின் கண்ணூறு, அதாவது கெட்ட பார்வை, பரிசோதனைக்கு. அதற்கென்று நடுவத்தில் தனிப் பிரிவு இருக்கவில்லை. ஆனால் பொறாமையில் நீண்ட அனுபவம் உள்ள ஊழியர் ஒருவர் இருந்தார். ஹெர் கிறாம் என்று கூப்பிடுவார்கள், ஹெர் என்றால் திரு. பதவி உயர்வு அவரைத் தாண்டித் தாண்டியே போய்க்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய தகுதி, அவரும் தன் வீட்டு முற்றத்தில் ஒரு கிற் கார் கட்டியிருந்தார். பல வருடமாகியும் அவருடைய சொந்த நடுவமே அதற்கு ஒப்புதல் கொடுக்கவில்லை.

"ஏன்?" என்று கேட்டாள் ஜெயமலர்.

"ஊழியருக்குச் சலுகை காட்டினோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா?" என்றார் டொக்டர் வைஸன்பெர்கர். "அதனால் அவருடைய கோப்பை நான் திறப்பதே இல்லை. எங்கள் நேர்மைக்கு அவருடைய கார்தான் சாட்சி. ஹெர் கிறாம், தயவுசெய்து பாருங்கள்."

ஹெர் கிறாம் சுண்ணாம்பால் கீறிய வட்டத்துக்குள் நின்று காரைப் பார்த்தார். முதலில் கடமைக்காகப் பார்த்தார். பிறகு அவருடைய கண் அந்தச் சிவப்பு இருக்கைகளில் நின்றது. ஸ்ரியறிங்கில் நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. முற்றத்தில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஜெயமலருக்கு அந்த மனிசனை நினைக்கப் பாவமாக இருந்தது. எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுக்கலாமா என்று யோசித்த நேரத்தில், பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம்.

நடுவத் தலைவரின் கார் வெகுதூரத்தில், தன் பாட்டில் நின்றது. அதன் பக்கக் கண்ணாடி கழன்று நிலத்தில் கிடந்தது.

டொக்டர் வைஸன்பெர்கர் நவரத்தினத்தின் காரைச் சுற்றிப் பார்த்தார். "வாகனத்துக்குச் சேதம் இல்லை," என்று உதவியாளருக்குச் சொன்னார். "கருவி வேலை செய்கிறது." தன்னுடைய காரைப் பார்த்தார். "ஆனால் மூன்றாம் தரப்புக்குச் சேதம். பார்வை தடுக்கப்படவில்லை, திருப்பப்படுகிறது. இதை இப்படி அனுமதித்தால் நெடுஞ்சாலையில் பக்கத்தில் வருகிறவர்களின் கதி என்ன?"

"அந்தக் கண்ணாடி போன கிழமையே ஆடினது," என்றார் ஹெர் கிறாம்.

"உங்களிடம் பார்க்கத்தான் சொன்னேன், பேசச் சொல்லவில்லை," என்றார் நடுவத் தலைவர்.

மூன்று நிபுணர்கள் கூடினார்கள். கோணம் கணக்கிட்டார்கள். தேசிக்காயை நிலத்தை நோக்கிச் சாய்த்துக் கட்டவேண்டும் என்று முடிவாகியது. அப்படிச் செய்தால் பொறாமை வீதிக்குள் இறங்கும். வீதி மாநகரசபையின் பொறுப்பு. நவரத்தினம் கராஜுக்குப் போய் உருக்குத் தகட்டில் சாய்வான தாங்கி ஒன்று செய்து பூட்டினார். இரண்டு வருடத்தில் அந்தக் காருக்கு அவர் செய்த துண்டுகளில் மிக அழகானது அதுதான்.

வெயில் நாட்கள் கழிந்துகொண்டு போயின. மூன்றாவது ரெர்மின் வந்தபோது புரட்டாதி பிறந்திருந்தது. கடலுக்குப் போகலாம் என்ற கதையை நவரத்தினம் எடுப்பதே இல்லை. ஜெயமலரும் கேட்பதில்லை. இருவருக்கும் விசயம் தெரியும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் கார் ஓடாது. ஒப்புதல் கிடைத்தால் மச்சாள் ஏறுவார். எது நடந்தாலும் அவளுக்கு முன்சீற் இல்லை.

மூன்றாவது முறைக்கு வசுந்தராவும் வந்தார். பட்டுத் துணி தலையில், கறுப்புக் கண்ணாடி மூக்கில். ட்ரெயிலரில் ஏற்றிய காருக்குள் இருந்துகொண்டே வர விரும்பினார். சட்டம் விடவில்லை. முற்றத்தில் கார் இறக்கப்பட்டதும் நேரே போய் வலது பக்க இருக்கையில் ஏறி இருந்துகொண்டார். நடுவம் அழைத்திருந்தபடி ஐயரும் வந்திருந்தார், பட்டு வேட்டிக்கு மேலே தடித்த குளிர் ஜாக்கெட்டோடு. இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்க்க ஜெயமலர் நடுவில் நின்றாள்.

டொக்டர் வைஸன்பெர்கர் குனிந்து அளந்தார். நிமிர்ந்தபோது முகம் இருண்டிருந்தது.

"கருவி சுருங்கியிருக்கிறது."

"தேசிக்காய் காயும் தானே, ஐயா," என்றார் நவரத்தினம்.

"பதிவு செய்த அளவிலிருந்து மாறிய வாகனம் உருமாற்றப்பட்ட வாகனம். அப்படியானால் கருவியை அடிக்கடி புதுப்பிக்கவேண்டும். புதுப்பிக்கிறவர் தகுதி பெற்றவராக இருக்கவேண்டும்." அவர் ஐயரைப் பார்த்தார். "நீங்கள் நிபுணரா? உங்கள் தொழிற்பயிற்சிச் சான்று?"

"நான் முப்பது வருசமாய்க் கட்டிக்கொண்டு வாறன்," என்றார் ஐயர்.

"முப்பது வருடம் சான்று இல்லாமல் செய்தது அனுபவம் ஆகாது, ஐயா. அது முப்பது வருடக் கவனக்குறைவு."

ஐயர் கோபிக்கவில்லை. நடுவத் தலைவரின் வெள்ளைக் கையுறையையும், மேசையில் வரிசையாக இருந்த முத்திரைகளையும், வலம் வந்த பாதையையும் ஒரு தொழில்காரனின் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். "இவையின்ரை கிரியை எங்கடையை விடக் கடுமை," என்று நவரத்தினத்தின் காதில் சொன்னார். பிறகு உரத்துச் சொன்னார்: "கோக்கிறது நான் இல்லை, ஐயா. ஆக்கள் கோத்துக் கொண்டு வருவினம். நான் மந்திரம் சொல்லிக் கட்டுவன். அவ்வளவு தான்."

இது நடுவத் தலைவரை நெடுநேரம் யோசிக்க வைத்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மஞ்சள் கோட்டின் மேல் ஒருமுறை நடந்து வந்தார். பிறகு எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"கருவி கெட்டுப்போகக் கூடியது. வாகனம் ஓடிக்கொண்டிருக்கும் போதே கெட்டுப்போகக் கூடியது. அப்படிப்பட்ட கருவியை அதைச் செய்தவர் நேரில் கண்காணிக்கவேண்டும். ஆகவே எனது முடிவு இதுதான். இந்த வாகனம் வீதியில் ஓடும் போதெல்லாம் இரண்டாவது இருக்கையில் உற்பத்தியாளர் இருப்பார். உற்பத்தியாளரைத் தவிர வேறு எவரும் அதில் இருக்கக் கூடாது. இந்த நிபந்தனையோடு இன்றே ஒப்புதல் தரலாம். சொல்லுங்கள், யார் உற்பத்தியாளர்?"

நவரத்தினம் சில்லைப் பார்த்தார். ஐயர் வானத்தைப் பார்த்தார். வசுந்தரா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் தான் செய்விச்சது," என்றார் காருக்குள் இருந்தபடியே.

"செய்தவர்?"

"செய்யிறதுக்கு மலர் இருக்கிறாள் தானே." வசுந்தராவுக்கு இது பெருமைப்பட வேண்டிய விசயம். ஆகவே குறைவில்லாமல் சொன்னார். "நான் ஊசி நூல் தொட்டு எவ்வளவு காலம். மாலை கட்டுறது, பொங்கல் பொங்கிறது, பானை தூக்கிறது, எல்லாம் அவள் தான். நான் வாயைத் திறந்து சொன்னால் போதும். வேணுமெண்டால் ஐயரிட்டைக் கேளுங்கோ."

"ஓமோம்," என்றார் ஐயர்.

ஜெயமலர் இதை மொழிபெயர்த்தாள். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை.

"அப்படியானால் நீங்கள் உற்பத்தியாளர் அல்ல," என்றார் டொக்டர் வைஸன்பெர்கர். "பணிப்பாளர்."

"பணிப்பாளருக்கு எந்த சீற்?"

"பணிப்பாளர்கள் வாகனத்துக்கு வெளியே நின்றுதான் பணிக்கவேண்டும். நான் எத்தனையோ வருடமாக அப்படித்தான் செய்கிறேன். இதுவரை ஒரு வாகனமும் என்னால் நகர்ந்ததில்லை."

வசுந்தரா லேசில் விடுகிற ஆள் இல்லை. "இதென்ன பெரிய வித்தையே? மலர், எனக்குக் காட்டித் தா. ரெண்டு நிமிசத்திலை பழகிப்போடுவன். பிறகு நானும் உற்பத்தியாளர் தானே. அவரிட்டைச் சொல்லு."

ஜெயமலர் சொன்னாள். நடுவத் தலைவர் பேனாவை எடுத்து அவள் பக்கம் திரும்பினார். "கேள்வி நியாயமானது. உற்பத்தியாளர் என்ற முறையில் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். இந்தத் தொழிலை இன்னொருவர் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் எடுக்கும்?"

முற்றத்தில் இருந்த எல்லோரும் ஜெயமலரைப் பார்த்தார்கள். ஹெர் கிறாம்கூட ஜன்னலால் எட்டிப் பார்த்தார். ஊசியைத் தேசிக்காயின் நடுவால் விட்டு எடுக்கவேண்டும், அவ்வளவுதான். அவளுடைய பாலகர் பள்ளியில் நாலு வயதுப் பிள்ளைகள் அதைவிடக் கடினமான மணிகளைக் கோக்கிறார்கள். ஓம் மச்சாள் என்ற சொல் வழக்கம்போல நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அவள் நவரத்தினத்தைப் பார்த்தாள். பிடரியை இல்லை, முகத்தை. பரீட்சை மண்டபத்தில் கணக்குத் தாளைப் பார்க்கிற பெடியன் மாதிரி அவர் நின்றுகொண்டிருந்தார்.

"மூண்டு வருசப் படிப்பு," என்றாள் ஜெயமலர் ஜேர்மன் மொழியில், நிதானமாக. "அதுக்குப் பிறகு என்னிடம் வேலைப் பயிற்சி. ஆளின் கை சுத்தத்தைப் பொறுத்து இன்னும் கூடவும் எடுக்கும்."

டொக்டர் வைஸன்பெர்கர் முதல் முறையாகப் புன்னகை செய்தார். "எனக்குத் தெரியும். முறையான தொழில்தான். அம்மணி, உங்களுக்கு நன்றி. இரண்டு நிமிடத்தில் பழகலாம் என்று நீங்கள் சொல்லியிருந்தால், நாங்கள் இவ்வளவு மாதமாகச் செய்ததெல்லாம்..." வசனத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதே எல்லோருக்கும் நல்லது என்று அவருடைய முகம் சொன்னது.

வசுந்தராவுக்கு ஜேர்மன் அவ்வளவு வராது. ஆனால் மூன்று வருடம் என்பது விளங்கியது. அவர் ஜெயமலரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மலர் என்ற பெயரில் தன் வீட்டில் இத்தனை காலம் யார் நடமாடினது என்று இப்போதுதான் விசாரிக்கிறவர் மாதிரிப் பார்த்தார்.

"கெட்டிக்காரி தான்," என்றார் கடைசியில். கோபமா மெச்சலா என்று ஐயருக்குக்கூடப் பிடிபடவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். இறங்கியதும், தன்னைப் பணிப்பாளராக நியமித்தது ஞாபகம் வந்து, உடனே பணிக்கத் தொடங்கினார். "மலர், அந்தக் கையுறைக்காரனிட்டைச் சொல்லு, எனக்கும் ஐயருக்கும் ராக்சி பிடிக்கச் சொல்லி. நிண்டு பாத்துக்கொண்டிருந்தால் சரியே? தம்பி, ஆறுதலாய் ஓட்டு. வழியிலை சாப்பிடாமல் கிடவாதையுங்கோ. அந்த ஜன்னல்காரனும் பாவம், அவன்ரை காரையும் ஒருக்கால் எடுத்துப் பாக்கச் சொல்லு."

நடுவத் தலைவர், மேலிடத்திலிருந்து வந்த குரலை அடையாளம் கண்டுகொண்டவராக, தானே போய் ராக்சிக்குத் தொலைபேசி எடுத்தார்.

பிறகு முத்திரை. அதற்குத் தனி அறை. இரண்டு சாவி போட்டுத் திறந்தார்கள். டொக்டர் வைஸன்பெர்கர் கைகழுவி, மையைத் தொட்டுக் குத்தினார். ஐயர் தன்னை அறியாமல் கையைத் தூக்கி ஆசீர்வதித்தார்.

வீட்டுக்குப் போய் உடுப்பு எடுத்துக்கொண்டு போகலாம் என்றார் நவரத்தினம். வீட்டுக்குப் போனால் யாராவது வந்துவிடுவார்கள், இப்படியே போவம் என்றாள் ஜெயமலர். நடுவத்தின் வாசலால் வெளிக்கிட்டு, பேர்லினை விட்டு, வடக்கே கடல் பக்கம் திரும்பினார்கள். முன்னால் வீதி இவ்வளவு அகலமாக இருக்கும் என்று ஜெயமலருக்குத் தெரியாது. காற்று முகத்தில் அறைந்தது. லொறிக்காரர்கள் குனிந்து பார்த்துக் கையசைத்தார்கள். அவளும் அசைத்தாள்.

நகரம் முடிந்து பைன் காடு தொடங்கிய இடத்தில் மழை பிடித்தது. காருக்குக் கூரை தனிப் பெட்டியில் வரவேண்டும். அது இன்னும் வரவில்லை.

"பெற்றோல் செற்றிலை ஒதுங்குவம், மலர். தெப்பமாய் நனைஞ்சு போனாய்."

"நிப்பாட்டாதையுங்கோ."

"தடிமன் காய்ச்சல் பிடிக்கும்."

"நீங்கள் ஓட்டுற ஆள். நான் உற்பத்தியாளர். நான் சொல்லுறன், ஓட்டுங்கோ."

நவரத்தினம் கியரை மாற்றினார். அந்தக் கார் ஒடுக்கமானது. கியர் மாற்றும் போதெல்லாம் அவருடைய கை அவளுடைய முழங்காலில் முட்டியது. கட்டும்போது இதை அவர் கவனிக்காமல் விட்டிருக்கலாம். கவனித்தும் விட்டிருக்கலாம். இரண்டு பேருமே மன்னிப்புக் கேட்கவில்லை. நெடுஞ்சாலை மேடு பள்ளம் இல்லாமல் நேராகக் கிடந்தது, முன்னும் பின்னும் ஒரு வாகனமும் இல்லை. இருந்தும் நவரத்தினம் கடல் வரைக்கும் கியர் மாற்றிக்கொண்டே போனார்.